கப்பல் வராத நாளுக்கு

அந்த அக்காவோடு ஆறு வருஷம் நான் போட்ட சண்டையெல்லாம் ஒரே சண்டைதான். இருப்பதை எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பது என் கட்சி. “கப்பலு வரலேன்னா?” என்பது அவர் கட்சி. வெங்காயம், கேஸ், மெழுகுவத்தி, தண்ணீர் என்று தொடங்கி, கடைசியில் அவருடைய சொந்த மூச்சு வரைக்கும் இந்த ஒரு கேள்வியை வைத்தே என் வாயை அடைத்துவிடுவார். கேட்டுவிட்டு, இனிமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் முகத்தை வேறு திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போர்ட் பிளேரில் பத்துபஸ்தியில் எங்களுக்கு அடுத்த கதவு அவருடையது. ஒரே தகரக் கூரை, நடுவில் ஒரு சுவர். நான் விருதுநகர்ப் பக்கம். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்துத் தீவுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் ரங்கத்தில் ரோடு வேலை எடுத்திருந்த ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். மாதத்துக்கு இரண்டு முறை பஸ் ஏறி வந்தால் அதிகம். ஆக எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அந்த அக்கா ஒருவர்தான். அவருக்கோ பேச மூச்சில்லை.

நிஜமாகவே மூச்சில்லை. இரண்டு சொல் சொல்வார், நிறுத்துவார், உதட்டைக் குவித்து அடுப்பு ஊதுகிற மாதிரி காற்றை வெளியே விடுவார், பிறகு அடுத்த இரண்டு சொல். காய்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாக்கியம் முடிகிறவரை நான் நிற்க வேண்டும். சரி, நாமே முடித்துக் கொடுப்போம் என்று வாய் வைத்தால் போச்சு. கையை நீட்டி என்னை நிறுத்திவிட்டு முதல் சொல்லிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். இதில் ஏர்போர்ட் வேறு பக்கத்தில். காலை வேளையில் ஒன்றன்பின் ஒன்றாக விமானம் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும். சத்தம் அடங்கியதும் அதற்கும் ஒருமுறை முதலிலிருந்து. கேஸ்காரன் வந்தானா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் ஆபீஸ் பஸ் போய்விடும்.

வயது என்று பார்த்தால் ஐம்பத்து மூன்றுதான் இருக்கும். சிலோன் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு சின்னப் பெண்ணாகக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, அங்கிருந்து நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு விறகுப் புகை போட்டுக் காய வைக்கும் கொட்டடியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. காற்றுப் போக்குவரத்தே இல்லாத அந்த அறைக்குள் போய் ஷீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வர வேண்டும். காற்றுக்குழாய் எல்லாம் கெட்டுச் சுருங்கிவிட்டது, இனிப் பழையபடி ஆகாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் அந்த வங்காளி டாக்டர் பீடி பழக்கம் உண்டா என்று கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

“பீடி நஹி, சாப். ரப்பர்தான்... புகை பிடிச்சுச்சு. நான் பக்கத்துல... நின்னேன்.”

டாக்டருக்குத் தமிழ் புரியவில்லை. நான் இந்தியில் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. நடந்ததைத்தானே சொன்னேன் என்பதுபோல் பார்த்தார்.

இந்த வியாதியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவரே ஒரு சட்டதிட்டம் போட்டு வைத்திருந்தார். அதில் அவருக்குச் சௌகரியம், மற்றவர்களுக்கெல்லாம் பிராண சங்கடம். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மூச்சு முட்டும் என்று முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டார். அதே காரணத்துக்காகத் துணி காயப்போடும் கயிற்றை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டினார். அது இருவருக்கும் பொதுவான முற்றம். ஆறு வருஷத்தில் அந்தக் கயிற்றில் நான் எத்தனை முறை மோதி விழப் போனேன் என்று சொல்லி மாளாது. குளியல் ஸ்டூலில் உட்கார்ந்து, அதுவும் மத்தியானம்தான். எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும், டிரம்மில் பிடித்து வைக்க வேண்டும். வாளி தூக்க முடியாதவர் டிரம்மிலிருந்து அடுப்படிக்குப் பிளாஸ்டிக் மக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோவார். நான் ஒரு வாளி மொண்டு வைத்துவிட்டு வந்தால், அதைத் திரும்ப மக்கு மக்காக டிரம்மிலேயே ஊற்றிவிடுவார். வாளியில் இருந்தால் கை தாராளமாகப் போகுமாம்.

நாற்காலிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒரே ஏற்றம். ஒரு மூச்சில் ஏற முடியாது என்று வழியில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுவிட்டார். யாரைக் கேட்டுப் போட்டார் என்றால், யாரையும் கேட்கவில்லை. ஒன்றைக் கம்பி வைத்து கரண்ட் கம்பத்தோடு கட்டியே விட்டார். போதாததற்குப் படகு நிற்கும் இடங்களின் பெயரை வேறு வைத்தார். வாசலில் இருப்பது போர்ட் பிளேர், திருப்பத்தில் ஹேவ்லாக், வங்காளி மளிகைக் கடை முன்னால் லாங் ஐலண்ட், மேலே பஸ் ஸ்டாப்பில் ரங்கத். யாராவது உட்கார்ந்திருந்தால் எழுந்திரு என்று சொல்ல மாட்டார். எதிரே நின்று, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு, அவர்களையே பார்ப்பார். எப்பேர்ப்பட்டவனும் எழுந்துவிடுவான். தெருவே அவரைச் சித்தி என்பதற்கு இந்தியில் மௌசி, மௌசி என்று கூப்பிடும். ஸ்கூட்டரில் போகிறவன் நாற்காலியில் இடித்துவிட்டுத் திட்டுவதும், மறுநாள் அவனே அதைத் துடைத்துப் போடுவதுமாக இருக்கும்.

என்னை உண்மையிலேயே பொறுமையிழக்க வைத்தது விறகடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் புகையாக வருகிறதே என்று ஓடினேன். வீட்டுக்குள் நிரப்பிய சிலிண்டர் இரண்டு சும்மா நிற்கிறது. இவர் பின்கட்டில் மூன்று கல் வைத்து, ஈர விறகை மூட்டி, புகைக்கு நடுவே உட்கார்ந்து சோறு வடித்துக்கொண்டிருக்கிறார். கண்ணெல்லாம் நீர்.

“அக்கா, உங்களுக்கு மூளை இருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு? புகை பக்கமே போகக் கூடாதுன்னாரா இல்லையா?”

“கேஸு... கப்பல்ல வருது புள்ள.”

“அதான் ரெண்டு இருக்கே?”

“இருக்குல்ல? அது... இருக்கட்டும்.”

கொதிக்கிற உலையை அப்படியே துணி பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே கேஸில் வைத்தேன். கல் மூன்றையும் காலால் எத்திவிட்டேன். மறுநாள் அவை அதே இடத்தில் அதே முக்கோணமாக இருந்தன. அந்தக் கல்லை நகர்த்த அவருக்கு எத்தனை மூச்சு செலவாகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அடித்துத்தான் கொண்டேன்.

ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஞாயிறுதோறும் போன் செய்து, அம்மா இங்கே வந்துடு, தெருவுக்கு மூணு மருந்துக்கடை இருக்கு என்பான். கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை என்று வருஷக்கணக்காக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அவருடைய மருந்துப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. வாயில் வைத்து அழுத்தி உள்ளே இழுக்கிற மருந்து, நாங்கள் பம்ப் என்போம். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. மாதத்துக்கு ஒன்று தீர்ந்துவிடும். மாதம் பிறந்ததும் ஆபீசில் பெர்மிஷன் போட்டு, ஆஸ்பத்திரி ஜன்னலில் வரிசையில் நின்று வாங்கி வந்து தருவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, சொல்வதற்கென்ன.

ஆனால் உடம்பு தேறவில்லை. லாங் ஐலண்ட் வரை போனவர் ஹேவ்லாக்கோடு திரும்ப ஆரம்பித்தார். டாக்டர் மருந்தைக் கூட்டினார். மாத்திரை சேர்த்தார். கை நடுக்கம் வந்தது. தினமும் எடுக்கிறீர்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். “ஜீ சாப், ரோஜ்” என்று அக்கா தலையை ஆட்டினார். இவ்வளவு கொடுத்தும் கேட்கவில்லையென்றால் வீட்டில் ஆக்சிஜன் மெஷின்தான் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான்தான் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்து, துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

அந்த மழைக்காலத்தில் அவர் வீட்டுத் தகரம் ஒழுகியது. கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை நனையாத பக்கம் இழுத்துப் போட்டேன். பூட்டு துருப்பிடித்துத் தானாகவே கழன்றது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா பார்ப்போம் என்று திறந்தேன். தீப்பெட்டிக் கட்டு, மெழுகுவத்தி, உப்பு, பால் பவுடர் டப்பா. அதற்குக் கீழே, ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, பம்ப். எண்ணினேன். இருபத்து மூன்று. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பாதிக்கு மேல் காலாவதி.

வரிசையில் கால் கடுக்க நான் நின்று வாங்கியவை. டாக்டர் மருந்து வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிந்ததும், கை நடுங்க நடுங்க இவர் மாத்திரை விழுங்கியதும் இதற்காகத்தானா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடுக்கறீங்க? பொய் சொல்லாம சொல்லுங்க.”

“முட்டுனா... எடுப்பேன்.”

“முட்டினாவா? உங்களுக்கு எப்பதான் முட்டல? மருந்தை வச்சுக்கிட்டு மூச்சு முட்டிச் சாகறதுக்குப் பேரு என்னக்கா?”

“கப்பலு வரலேன்னா?”

“தலைக்கு மேல தினம் இத்தனை பிளேன் இறங்குதே, கண்ணுக்குத் தெரியலையா? கச்சால் இல்ல இது. போர்ட் பிளேர்.”

அப்போதுதான் கட்டிலில் உட்கார்ந்து, ஊதி ஊதி, அந்தக் கதையைச் சொன்னார். அந்த ஒருமுறை நான் நடுவில் வாய் திறக்கவில்லை. கச்சாலில் ஒரு மழைக்காலம் கடல் கொந்தளித்துக் கப்பல் வரவில்லை. அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. தீவில் யாரிடமும் இல்லை.

“கப்பலு... பதிமூணாம் நாளு... வந்துச்சு.”

“அவரு?”

“பன்னண்டாம் நாளு.”

வேறு யாராக இருந்தாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு வந்தது கோபம்தான். “அதுக்காக நீங்களும் மருந்தைப் பெட்டியில வச்சுக்கிட்டுப் போய்ச் சேரணுமா? அவருக்கு இல்லாமப் போச்சு. உங்களுக்கு இருக்கே, அக்கா. இருந்தும் இல்லாத மாதிரி இருக்கீங்களே.”

 நான் எதிர்பார்க்கவே இல்லை, அவர் கையை ஆட்டி, “சரி. எடுத்துட்டுப் போ” என்றார்.

எடுத்துக்கொண்டு போனேன். காலாவதியானதைத் தூக்கி எறிந்தேன். நல்லதாக இருந்த ஒன்பதில் எட்டை எங்கள் தெரு நர்ஸ் பெண்ணிடம் கொடுத்து, வாங்க முடியாதவர்கள் யாருக்காவது கொடு என்றேன். ஒன்றை மட்டும் பிரித்து அவர் கையில் வைத்தேன். தீர்ந்தால் அடுத்தது, அதுவரை வீட்டில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். காலையில் ஆபீஸ் கிளம்பும் முன்பு என் முன்னால் இரண்டு, சாயங்காலம் வந்ததும் இரண்டு. வாயில் வைத்து அடித்துவிட்டு உள்ளே இழுக்காமல் ஏமாற்றப் பார்ப்பார். மறுபடி அடிக்க வைப்பேன்.

சும்மா சொல்லக் கூடாது, இரண்டு மாதத்தில் ஆள் மாறிவிட்டார். ஐந்து சொல் சேர்ந்தாற்போல் வந்தது. ஒரு நாள் லாங் ஐலண்டில் உட்காராமலே ரங்கத் போய்ச் சேர்ந்தார். மளிகைக் கடைக்காரர் கையைத் தட்டினார். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், ஆக்சிஜன் பேச்சை எடுக்கவே இல்லை. நான் ஆபீசில், என் வீட்டுக்காரரிடம், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். நான் மட்டும் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பேன்.

அப்புறம் அந்தப் புயல். எச்சரிக்கை வந்த அன்றே தீவுக்காரர்கள் அத்தனை பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டார்கள். அவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. நான் போகவில்லை. சாயங்காலம் அக்கா முற்றத்துக்கு வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“புள்ள, ஒரு பம்பு வாங்கி... வச்சிரலாமா?”

பயந்துகொண்டுதான் கேட்டார். இப்போது நினைத்தாலும் அந்தக் கேட்ட விதம்தான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. நான் அவர் கையிலிருந்த பம்ப்பை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கினேன். சலசலவென்றது.

“பத்து நாளைக்கு வரும்க்கா. ஆரம்பிச்சுட்டீங்களா மறுபடியும்?”

 கப்பலு வரலேன்னா என்றுகூட அவர் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கப்பல் இல்லை, விமானம் இல்லை, கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பம்ப்பை அடித்துவிட்டு, “வெறுங்காத்துதான் வருது” என்றார். குலுக்கினேன், அதே சலசலப்பு. மருந்து தீர்ந்த பிறகும் அது அப்படித்தான் சலசலக்கும் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நான் பார்க்க மறுபடி அடிக்கச் சொன்னேன், அடித்தார். நாலாம் நாள் அவர் உதடு நீலம் பூத்திருந்தது. மழையில் ஓடினேன். பக்கத்துக் கடை, அதற்கடுத்த கடை, பஜார் முழுக்க. எல்லா இடத்திலும் “கத்தம், மேடம். ஜஹாஸ் ஆனே தோ” என்றார்கள். தீர்ந்துவிட்டது, கப்பல் வரட்டும். நர்ஸ் பெண் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த எட்டும் எட்டு வீட்டுக்குப் போய்ப் பல நாள் ஆயிற்று என்றாள்.

திரும்பி வந்தபோது அக்கா தண்ணீர் டிரம்மின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றிருந்தார். ஒரு சொல்கூட வரவில்லை. மளிகைக் கடைக்காரர் தன் பிக்கப் வண்டியில் அரிசி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் கண் சொருகிவிட்டது.

பிழைத்துக்கொண்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியாகக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் நெஞ்சு இறங்கி ஏறுவது கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. ஆனால் இப்படி ஒருமுறை வந்துவிட்டுப் போனால் நுரையீரலில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும், அது திரும்பாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்படித்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார், மெஷினோடு, வீட்டு வாசலைத் தாண்டாமல்.

டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ‘சொன்னேனா இல்லையா’ என்று ஒரு வார்த்தை. அதுகூட இல்லை.

“நான்தான்க்கா. இருந்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்துட்டேன். நீங்க கேட்டப்பவும் வாங்கித் தரல” என்று சொல்லும்போதே தேம்ப ஆரம்பித்தேன்.

அவர் கையைத் தூக்கி மாஸ்க்கைக் கீழே இழுத்தார். போடுங்கக்கா என்று நான் பதறியதைக் காதிலேயே வாங்கவில்லை. ஊதினார். இன்னொரு முறை ஊதினார்.

“அழாத புள்ள. மூச்ச... வீணாக்காத.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என்னுடையது இரண்டும் நல்ல நுரையீரல். என் மூச்சையுமா இந்த மனுஷி கட்டிக் காக்க வேண்டும்? மாஸ்க்கை இழுத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, வேண்டுமென்றே, வாய்விட்டு அழுதேன்.